மலைநாட்டில் மோர்ஸ் செய்தித் தொடர்பு

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள் இரவு, இடுக்கி மாவட்டத்தில் இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் மண்ணுள் புதைந்தன. காணாமற்போனோர் உட்பட 70 பேர் உயிரிழந்தனர். கனமழையால் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்தன. ஆகவே, உயிர் தப்பியோர் நடந்து சென்று சொன்ன பிறகே, மறுநாள் காலையில் செய்தி வெளியுலகை எட்டியது. அங்கு ஒரு வானொலி நிலையம் இருந்திருப்பின் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும் என்று கூற இயலாது. ஆனால், கம்பியும் கோபுரமும் செயலற்றபொழுது செய்தி செல்ல வேறொரு வழி வேண்டும் என்பதில் ஐயமில்லை. அத்தகைய வழிகளுள் எளியது, அமெச்சூர் வானொலியில் மோர்ஸ் குறிகளால் செய்தி அனுப்பும் முறையாகும்.

மலையும் அலையும்

பாலக்காட்டிற்கும் மூணாற்றிற்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவே உள்ளது. எனினும், இடையில் ஆனைமலைத் தொடர் நிற்கிறது. அதன் உச்சியாகிய ஆனைமுடி 2,695 மீட்டர் உயரமுடையது. கைக்கருவிகள் பயன்படுத்தும் 144 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. மலை குறுக்கிட்டால் நின்றுவிடும்.

7 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் இயல்பு வேறு. இந்த அலைகளை ஏறக்குறைய செங்குத்தாக மேலே செலுத்தினால், அயனி மண்டலம் அவற்றைத் திருப்பி அனுப்புகிறது. மேலேயிருந்து குடைபோல் விரிந்து இறங்கும் அலைக்கு மலை தடையாவதில்லை. சுற்றிலும் சில நூறு கிலோமீட்டர் வரையில், பள்ளத்தாக்குகளிலும் அது கேட்கும்.

இதற்கு உயர்ந்த கோபுரம் தேவையில்லை. மொத்தம் சுமார் 20 மீட்டர் நீளமுள்ள செப்புக் கம்பியை நடுவில் இரண்டாகப் பிரித்து, 6 முதல் 10 மீட்டர் உயரத்தில் கட்டினால் போதும். சிற்றூர்ப் பகுதியில் இரு பனைமரங்களும், தேவிகுளத்தில் இரு சில்வர் ஓக் மரங்களும் கம்பத்தின் வேலையைச் செய்யும். பகலில் இப்பட்டை இவ்வகைத் தொடர்புக்குப் பெரிதும் ஏற்றது. பின்னிரவில் அயனி மண்டலத்தின் செறிவு குறைவதால் அண்மைத் தொடர்பு தளரக்கூடும், அப்பொழுது 3.5 மெகாஹெர்ட்ஸ் பட்டை உதவும். அதற்குக் கம்பியின் நீளம் இருமடங்காக வேண்டும்.

பேச்சை அனுப்ப ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டியிருக்க, மோர்ஸ் குறிக்கு 150 ஹெர்ட்ஸ் அளவே போதுமானது. ஆற்றல் முழுவதும் குறுகிய இடத்தில் திரள்வதால், 12 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் 5 வாட் கருவியின் ஒலியையும் இரைச்சலினிடையே பிரித்தறியலாம்.

குறியின் அளவு

மோர்ஸ் முறையில் குற்றொலி ஒன்றும் நெட்டொலி ஒன்றும் உள்ளன. குற்றொலியை 'டி' என்றும் நெட்டொலியை 'டா' என்றும் கொள்க. 'டி' ஓர் அலகாயின் 'டா' மூன்று அலகு. ஓர் எழுத்தினுள் ஒலிகளுக்கிடையே ஓர் அலகும், எழுத்துகளுக்கிடையே மூன்று அலகும், சொற்களுக்கிடையே ஏழு அலகும் இடைவெளி விடவேண்டும். நிமிடத்திற்கு 12 சொல் வேகத்தில் ஓர் அலகு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்காகும். இலக்கணத்தில் மாத்திரை அறிந்த தமிழ் மாணவருக்கு இக்கணக்கு புதியதன்று. ஒலியைப் போலவே மௌனத்திற்கும் அளவுண்டு என்பதே இங்குக் கருதத்தக்கது. தொடக்கநிலையினர் அனுப்பும் குறிகள் விளங்காமைக்குப் பெரும்பாலும் இடைவெளிப் பிழையே காரணம்.

செவியால் கற்றல்

புள்ளியும் கோடுமாக அச்சிட்ட அட்டவணையை மனப்பாடம் செய்வது பலர் செய்யும் தவறு. அவ்வாறு கற்றவர் ஒலியைக் கேட்டதும் அதைக் கோடாக மாற்றி, கோட்டை எழுத்தாக மாற்றுகிறார். அதற்குள் அடுத்த எழுத்து கடந்துவிடுகிறது. 'டா டி டா' என்ற ஒலி காதில் விழுந்தவுடன் கை 'கே' என்று எழுதவேண்டும். இடையில் எண்ணுதல் கூடாது.

ஜெர்மானிய உளவியலறிஞர் லுட்விக் கோக் 1930-களில் வகுத்த முறை இதற்குத் துணைசெய்கிறது. முதலில் இரண்டே எழுத்துகளை, அடைய விரும்பும் முழு வேகத்திலேயே கேட்கவேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பிழையின்றி எழுதிய பின்னரே மூன்றாவதைச் சேர்க்கவேண்டும். கடினமாகத் தோன்றினால், எழுத்தின் வேகத்தைக் குறைக்காமல் எழுத்துகளுக்கிடையேயுள்ள இடைவெளியை மட்டும் நீட்டலாம். நாள்தோறும் இருமுறை பதினைந்து நிமிடம் பயில்வது, வாரத்தில் ஒருநாள் மூன்று மணி நேரம் பயில்வதைவிடப் பயனுடையது. தவறிய எழுத்துக்கு ஒரு கோடிட்டு, மேலே செல்லப் பழகவேண்டும்.

தொடர்பின் நடை

அனுப்புமுன் கேட்பதே முதல் விதி. அலைவரிசை வெறுமையாகத் தோன்றினும் 'கியூ.ஆர்.எல்.' என்ற குறியுடன் வினாக்குறி சேர்த்து, எவரேனும் பயன்படுத்துகின்றனரா என்று கேட்கவேண்டும். விடையில்லையெனின் 'சி.கியூ.' என்னும் பொது அழைப்பை மும்முறை அனுப்பி, 'டி.இ.' என்று தொடர்ந்து, தன் அழைப்புக்குறியைக் கூறி, 'கே' என முடிக்கவேண்டும். 'டி.இ.' என்பது 'இவரிடமிருந்து' எனவும், 'கே' என்பது 'அனுப்புக' எனவும் பொருள்படும்.

விடை வந்தபின் இருவரும் ஒலியின் தெளிவு, வலிமை, தொனி ஆகியவற்றை மூன்று எண்களால் தெரிவிப்பர். 599 மிகச் சிறந்தது. பின்னர்ப் பெயரும் ஊரும் பரிமாறி, வாழ்த்தாகிய 73 என்னும் எண்ணுடன் விடைபெறுவர். வேகம் மிகுந்தால் 'கியூ.ஆர்.எஸ்.' என்று அனுப்பி, மெதுவாக அனுப்புமாறு கேட்கலாம். அது குறைவன்று, வல்லவர் கற்பவரின் வேகத்திற்கு இறங்குவதே இத்துறையின் மரபு. எல்லைப்புறத்தில் தமிழரும் மலையாளிகளும் கலந்து வாழ்கின்றனர். இக்குறிகள் இரு மொழியினர்க்கும் பொதுவானவை என்பது ஒரு நன்மை.

அவசரச் செய்தியாயின் சொற்களின் எண்ணிக்கையை முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். பெறுபவர் எண்ணிப் பார்த்து, விடுபட்டதை மட்டும் கேட்பார். எண்களைத் திருப்பி அனுப்பிச் சரிபார்ப்பார். 'காயமுற்றோர் 12' என்பது 'காயமுற்றோர் 2' ஆகிவிட்டால் வரவேண்டிய உதவியும் குறைந்துவிடுமன்றோ?

உரிமமும் வகுப்பும்

இந்தியாவில் உரிமமின்றி அலை வெளியிடுதல் குற்றமாகும். 1978-ஆம் ஆண்டு அமெச்சூர் சேவை விதிகள் இதற்கான தேர்வையும் உரிமத்தையும் வரையறுத்தன. மோர்ஸ் தேர்வு கட்டாயம் என்ற உலகளாவிய விதியை 2003-இல் ஜெனீவாவில் கூடிய வானொலி மாநாடு நீக்கியது. ஆயினும் உலகெங்கும் பலர் இக்கலையை விரும்பிக் கற்கின்றனர்.

பள்ளியில் தொடங்குவதற்கு உரிமம் வேண்டா. ஒரு மின்கலம், ஒரு பஸ்ஸர், ஒரு சாவி ஆகிய மூன்றும் போதும். ஆசிரியர் இரு அறைகளில் மாணவரை அமர்த்தி, இடையே கம்பியிட்டு, அன்றைய மழை அளவை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு அனுப்பச் செய்யலாம். பிழைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே பாடமாகும்.

2004 டிசம்பரில், ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையிலான குழு, போர்ட் பிளேரில் வானொலி முகாம் நடத்திக்கொண்டிருந்தது. 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியதும் அம்முகாம் அவசரச் செய்தி நிலையமாக மாறியது. கருவியும் பயின்ற கைகளும் முன்பே அங்கு இருந்தமையாலேயே அது இயன்றது. கருவியை ஒரு நாளில் கொண்டு சேர்க்கலாம். செவிக்குப் பயிற்சி தர மாதங்கள் ஆகும். ஆகவே, மலையோரப் பள்ளிகளிலும் களநிலையங்களிலும் மழை தொடங்குமுன்னரே இப்பயிற்சியைத் தொடங்குதல் நன்று.