ஊரடங்கில் குழந்தைக்குக் காயம்

கேள்வி: ஊரடங்கு நேரத்தில் குழந்தைக்கு அடிபட்டால் வீட்டிலேயே சமாளிக்கலாமா? (வாசகி, தோப்பூர்)

பதில்: அவசர சிகிச்சையை ஊரடங்கு நிறுத்துவதில்லை. இலங்கையில் 2020 மார்ச் 20இல் ஊரடங்கு தொடங்கிய பிறகும் வைத்தியசாலைகளின் அவசரப் பிரிவுகள் இயங்கின. 1990 ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸும் ஓடியது. கொவிட் தொற்றுக்கு அஞ்சிப் பெற்றோர் தாமதித்ததுதான் பல நாடுகளிலும் பெருந்தீங்காயிற்று. பாடசாலைகள் மூடியதும் காயங்கள் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் இடம் மாறின.

மிக மோசமாகக் கையாளப்படுவது மண்ணெண்ணெய். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்ததைத் தாகத்தில் குழந்தை குடித்துவிடும். வீட்டார் பதறி வாந்தி எடுக்க வைப்பார்கள். வாந்தியோடு மேலே வரும் மண்ணெண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலை அழற்சியடையச் செய்யும். ஆகவே வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இருமல் இல்லாவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். போத்தலையும் எடுத்துச் செல்வது நல்லது.

தீக்காயத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிட வேண்டும். பற்பசை பூசுவது எப்படித்தான் மருந்தென்று பரவியதோ! அது காயத்தின் ஆழத்தை மறைக்கும். விழுந்து தலையில் அடிபட்ட குழந்தை திரும்பத் திரும்ப வாந்தியெடுத்தாலோ, அசாதாரணமாகத் தூங்கி வழிந்தாலோ, வலிப்பு வந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கலாகாது. பாம்பு கடித்தால் இறுகக் கட்டுவதும் கீறுவதும் தவறு. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும்.

தோப்பூருக்கு அருகிலுள்ள பெரிய வைத்தியசாலை மூதூர் ஆதார வைத்தியசாலை. அதற்கும் மேலான சிகிச்சைக்குத் திருகோணமலை செல்வோர், 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பின் அங்கே படகுக்குக் காத்திருப்பதில்லை.