பழைய காருக்கு எந்த ஆயில்?

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இவற்றில் ஒன்றை இன்னும் பேணி ஓட்டுகிறவர் ஆயில் கடையில் திணறிப்போவது இயல்பு. புதிய தர முத்திரை, சிந்தெடிக் என்ற பெயர், கூடுதல் விலை மூன்றும் சேர்ந்தால் அதுவே சிறந்தது என்று தோன்றும். பழைய இன்ஜினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கவனிக்க வேண்டியவை இரண்டே: ஆயிலின் கெட்டித்தன்மை, அதில் உள்ள துத்தநாகச் சேர்மம்.

துத்தநாகம் எதற்கு?

இந்த இன்ஜின்களில் கேம் ஷாஃப்டின் மேடு, டேப்பட்டின் தட்டையான முகத்தில் நேரடியாக உரசிச் சுழல்கிறது. வால்வ் ஸ்பிரிங்கின் அழுத்தம் முழுவதும் ஒரு மெல்லிய கோட்டில் விழுகிறது. அங்கே ஆயில் படலம் அறுந்தால், உலோகத்தைக் காப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் அடங்கிய சேர்மம்தான். ஆனால் பாஸ்பரஸ், இன்றைய கார்களின் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். அதனால் 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரம் முதல், 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 கிரேடுகளுக்கு அந்த உச்சவரம்பு இல்லை. என்றாலும் எல்லாக் கம்பெனிகளும் தாராளமாகச் சேர்ப்பதில்லை. டேட்டா ஷீட்டைப் பாருங்கள். பாஸ்பரஸ் 0.10 முதல் 0.12 சதவீதம் இருந்தால் போதும்.

எதை ஊற்றலாம்?

5டபிள்யூ-30 சிந்தெடிக்: தவிர்க்கலாம். இடைவெளி அதிகமுள்ள பழைய பேரிங்குகளுக்கு இது மெல்லியது. சூடானதும் பிரஷர் விழும், கசிவு கூடும். நீண்ட நாள் உழைக்கும் என்பதே இதன் பலம். வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டிய காரில் அந்தப் பலம் வீண்.

எஸ்ஏஇ 40 ஒற்றை கிரேடு: சூட்டில் நன்றாகத் தாங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேம் ஷாஃப்டை எட்டத் தாமதமாகும். மல்டிகிரேடு கிடைக்கும்போது இது தேவையில்லை.

20டபிள்யூ-40: சமீபத்தில் ரீபோர் செய்து, பேரிங் மாற்றி, இறுக்கமாக இருக்கும் இன்ஜினுக்குப் பொருத்தமானது.

20டபிள்யூ-50: நல்ல நிலையில், ஆனால் பல வருடம் ஓடிய இன்ஜினுக்கு என் முதல் தேர்வு. நூறு டிகிரி செல்சியஸில் இதன் பிசுபிசுப்பு 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குக் குறையாது; 40 கிரேடில் அது 12.5 வரை இறங்கலாம். சித்திரை வெயிலில், நெரிசலில் நிற்கும் காருக்கு இந்த வித்தியாசம் பெரியது. ஊட்டிக் குளிரையும் 20டபிள்யூ சமாளிக்கும்.

15டபிள்யூ-40 டீசல் ஆயில் (சிஐ-4 பிளஸ்): துத்தநாகம் நிறைய உண்டு, எங்கும் கிடைக்கும். அழுக்கைக் கரைக்கும் சக்தியும் அதிகம். பல வருடம் திறக்காத இன்ஜினில் ஊற்றினால், படிந்த கசடு கிளம்பி ஆயில் வழியை அடைக்கலாம். முதலில் சம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு ஊற்றுங்கள்.

தீர்மானிப்பது எப்படி?

ஒரு மணி நேரம் ஓட்டி, ஐடிலில் நிறுத்திப் பாருங்கள். 20டபிள்யூ-40 இருக்கும்போது ஆயில் விளக்கு மினுக்கினால், ஆயில் அளவு சரிதானா என்று டிப்ஸ்டிக்கில் பார்த்துவிட்டு 20டபிள்யூ-50க்கு மாறலாம். அதிலும் மினுக்கினால், தேய்ந்திருப்பது பேரிங்கோ ஆயில் பம்ப்போதான். மேலும் கெட்டியான ஆயிலைத் தேடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நீலப் புகையும் அப்படித்தான். பிஸ்டன் ரிங்கையும் வால்வ் கைடையும் ஆயிலால் சரிசெய்ய முடியாது.

கேம் ஷாஃப்ட் புதிதாகப் போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பூட்டும்போதே அசெம்பிளி பேஸ்ட் தடவி, முதல் ஸ்டார்ட்டில் இருபது நிமிடம் 2,000 ஆர்பிஎம் அளவில் விடுங்கள். ஐடிலில் விட்டால் மேடுகள் தேய்ந்துபோகும்.

எந்த ஆயிலானாலும் வருடம் ஒருமுறை மாற்றுங்கள், கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும். நிறுத்தியே வைத்திருக்கும் காரில்தான் ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் கலந்து, அமிலமாகிப் பேரிங்கை அரிக்கின்றன. சிந்தெடிக்குக்குக் கொடுக்க இருந்த கூடுதல் பணத்தை ஃபில்டருக்கும், நேரத்தோடு மாற்றும் நல்ல மினரல் ஆயிலுக்கும் செலவழியுங்கள். இன்ஜின் அதிக நாள் உழைக்கும்.