மடிப்பைக் கொடுங்கள், பெயரோடு கொடுங்கள்

தாளை மடித்து விலங்கு செய்யப் பழகும் தம்பி, தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் போடி டவுனில் இருக்கலாம், குரங்கணியில் இருக்கலாம், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக் குடியிருப்பில் இருக்கலாம். எப்படி மடிப்பது என்று சொல்லித்தரப் புத்தகம் இருக்கிறது, காணொளி இருக்கிறது. ஒருவர் யோசித்துக் கண்டுபிடித்த மடிப்பை எப்படி வாங்கிக்கொள்வது, எப்படி மாற்றுவது, அடுத்தவர் கையில் எப்படிக் கொடுப்பது என்பதைச் சொல்ல ஆள் குறைவு. பல வருடம் பிள்ளைகளோடு உட்கார்ந்து மடித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. நம் வீட்டு மடிப்பிலிருந்து தொடங்குங்கள். கப்பல், கத்திக் கப்பல், ராக்கெட் இவையெல்லாம் மழைக்காலத்தில் மாமாவோ அக்காவோ மடித்துக் கொடுத்துக் கற்றவை. பனையோலையில் கிளி முடையத் தெரிந்த பெரியவர் தெருவில் இருந்தால் அவரிடமும் போய் உட்காருங்கள். இவற்றை முதலில் செய்தது யார் என்று எவருக்கும் தெரியாது. ஜப்பானின் கொக்கும் தவளையும் அப்படித்தான். இவை எல்லோருக்கும் பொது. யாரிடமும் கேட்க வேண்டாம். அடியில் ‘மரபு மடிப்பு’ என்று எழுதினால் போதும்.

2. பெயர் உள்ள மடிப்பைப் பெயரோடு வாங்குங்கள். ஒரே சதுரத் தாளில், வெட்டாமல் ஒட்டாமல், கால் விரல் வரைக்கும் காட்டுகிற விலங்குகளை இன்று பார்க்கிறோம். அவற்றின் பின்னால் ஜான் மான்ட்ரோல், ராபர்ட் லாங், சதோஷி காமியா போன்றவர்களின் பல மாத உழைப்பு இருக்கிறது. கச்சேரியில் பாடுகிறவர் வேறு, கீர்த்தனையை இயற்றியவர் வேறு என்பது நமக்குத் தெரியும். தாள் மடிப்பிலும் அதே கணக்குத்தான். பள்ளிக் கண்காட்சியில் வைக்கிற அட்டையில் இரண்டு வரி எழுதுங்கள்: வடிவமைத்தவர் இன்னார், மடித்தவர் இன்னார். இரண்டாவது வரியில் உங்கள் பெயர் இருப்பது குறைவில்லை. நன்றாக மடிப்பதும் பெரிய வேலைதான்.

3. சுந்தர ராவைத் தெரிந்துகொள்ளுங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் மாநிலத்திலேயே நடந்த கதை இது, நம் பிள்ளைகளில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. 1893இல் சென்னையில், அடிசன் கம்பெனி ஒரு சிறிய ஆங்கிலப் புத்தகம் வெளியிட்டது. வடிவ கணிதத்தைத் தாள் மடித்தே கற்கும் வழியைச் சொல்லும் புத்தகம். எழுதியவர் தண்டலம் சுந்தர ராவ். மழலையர் பள்ளிகளுக்காக அந்தக் காலத்தில் விற்ற ஒரு பெட்டிதான் தனக்கு இந்த எண்ணத்தைத் தந்தது என்று அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார். அந்தப் பெட்டியில் வண்ண வண்ணமாக 200 சதுரத் தாள்களும் மடிக்க ஒரு பட்டைக் கருவியும் விளக்கப் படங்களும் இருந்தன. அதாவது, தன் சொந்த யோசனையின் ஊற்று எங்கே இருந்தது என்பதை அவர் முதல் பக்கங்களிலேயே சொல்லிவிட்டார்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். ஜெர்மனியின் பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தன் நூலில் இந்தப் புத்தகத்தைக் குறிப்பிட்டார். அதைப் படித்த இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள், பீமனும் ஸ்மித்தும், புத்தகத்தைத் தேடிப் பிடித்துப் படித்தார்கள். அமெரிக்காவில் அச்சிடச் சுந்தர ராவிடம் அனுமதி கேட்டார்கள். அவரும் தாராளமாகக் கொடுத்தார். 1901இல் சிகாகோவின் ஓப்பன் கோர்ட் பதிப்பகத்திலிருந்து புத்தகம் வந்தது. பிழைகளைத் திருத்தியிருந்தார்கள், மடித்த தாள்களையே புகைப்படம் எடுத்துப் போட்டிருந்தார்கள், அட்டையில் டி. சுந்தர ராவ் என்ற பெயர் அப்படியே இருந்தது. கேட்டு வாங்கினார்கள், திருத்தினார்கள், பெயரைக் காத்தார்கள். உலகம் முழுக்கத் தாள் மடிப்புக் கணிதம் பேசுகிறவர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள் என்றால் அந்த ஒழுங்குதான் காரணம். நீங்கள் செய்ய வேண்டியதும் இதே மூன்று வேலைதான்.

4. குறியீட்டைப் படிக்கப் பழகுங்கள். அகிரா யோஷிசாவா என்ற ஜப்பானியர் 1950களில் அம்பும் கோடும் கொண்ட ஒரு வரைபட முறையைப் பரப்பினார். சிறு கோடுகளாக விட்டு விட்டு வந்தால் பள்ள மடிப்பு, கோடும் புள்ளியுமாக வந்தால் மலை மடிப்பு. பின்னால் வந்தவர்கள் அதைச் சீர்செய்து உலகப் பொதுவாக்கினார்கள். ஜப்பானிய மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாத பிள்ளை போடியில் உட்கார்ந்து ஜப்பானியப் புத்தகத்தைப் பார்த்து மடிக்க முடிவது இதனால்தான். காணொளியை மட்டும் நம்பினால் கை வேகம் வரும், தாளைப் படிக்கும் கண் வராது.

5. மாற்றும் முன் உள்ளபடி மடியுங்கள். புத்தகத்தைப் பார்க்காமல் கை தானே போகும்வரை மடியுங்கள். ஆசிரியர் ஏன் அந்த இடத்தில் ஒரு மடிப்பை வைத்தார் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். தெரியாமல் மாற்றினால் அது அரைகுறையாக மடித்ததே ஒழிய மாற்றம் ஆகாது.

6. இனி மாற்றுங்கள், அச்சம் வேண்டாம். நம் மலையில் இருக்கிற விலங்குகள் வெளிநாட்டுப் புத்தகங்களில் அபூர்வம். வெள்ளாடு இருக்கும், வரையாடு இருக்காது. குரங்கு இருக்கும், மேகமலையின் சிங்கவால் குரங்கு இருக்காது. மாற்றிச் செய்வதைத் தவிர வேறு வழி நமக்கு இல்லை.

வரையாட்டையே எடுத்துக்கொள்வோம். கொக்கு மடிக்கிற அடிப்படை வடிவத்தில் நான்கு நீளமான முனைகளும் நடுவில் ஒரு குட்டை முனையும் கிடைக்கும். நாலுகால் விலங்குக்குத் தலை ஒன்று, கால் நான்கு, வால் ஒன்று வேண்டும். வரையாட்டுக்குப் பின்னோக்கி வளைந்த இரண்டு கொம்பும் வேண்டும், ஆண் பெண் இரண்டுக்கும் கொம்பு உண்டு. இத்தனை முனைக்குத் தாள் எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. சதுரத்தின் மூலையிலிருந்து எடுக்கும் முனைக்குத் தாள் குறைவாகச் செலவாகும், விளிம்பிலிருந்து எடுத்தால் அதைவிடக் கூடும், நடுவிலிருந்து எடுத்தால் எல்லாவற்றையும்விடக் கூடும். லாங் போன்றவர்கள் இதை வட்டங்களாகக் கணக்குப் போட்டே வடிவமைக்கிறார்கள்: மூலைக்குக் கால் வட்டம், விளிம்புக்கு அரை வட்டம், நடுவுக்கு முழு வட்டம். கொம்பில்லாத ஆட்டு மடிப்பு கையில் இருந்தால் சதுரத்தைக் கொஞ்சம் பெரிதாக எடுத்து, தலை வரும் பக்கத்தில் கூடுதலாக ஒரு பட்டை விடுங்கள். அந்தப் பட்டையில் இரண்டு சிறு முனைகளைப் பிரித்துக் கொம்பாக்கலாம்.

வயதான ஆண் வரையாட்டின் முதுகில் சேணம் போட்டதுபோல வெளிறிய திட்டு இருக்கும். ஒரு பக்கம் பழுப்பு, மறு பக்கம் வெள்ளை உள்ள தாளை எடுத்து, முதுகில் சேரும் இரண்டு விளிம்புகளையும் நகத்தால் லேசாக வெளியே திருப்பிவிடுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளை எட்டிப்பார்க்கும், பெயின்ட் தேவையே இல்லை. சிங்கவால் குரங்கின் முகத்தைச் சுற்றிய நரைத்த பிடரிக்கும் இதே உத்திதான், தாள் மட்டும் கறுப்பு. இப்படி ஒரு திருப்பத்தில் விலங்கு நம் ஊர் விலங்காகிவிடும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

7. எதை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். ‘இன்னாருடைய ஆடு; கொம்பும் முதுகுத் திட்டும் நான் சேர்த்தது.’ இந்த ஒரு வரிக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. 1797இல் ஜப்பானில் வந்த ஒரு நூலில், ஒரே தாளைப் பிளந்து பல கொக்குகளை இணைத்து மடிக்க 49 வழிகள் உள்ளன. கொக்கு பொதுச்சொத்து, 49 மாற்றங்களும் கிடோ என்ற ஒரு துறவியின் உழைப்பு. இரண்டையும் தனித்தனியே மதிக்கிறார்கள்.

பெயரை விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. லாங்கும் இன்னும் ஐந்து மடிப்புக் கலைஞர்களும் 2011இல் ஓவியர் சாரா மாரிஸ் மீது அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். தங்கள் மடிப்புக்கோட்டு வரைபடங்களை அனுமதி இல்லாமல் ஓவியங்களாக்கினார் என்பது அவர்கள் புகார். 2013இல் சமரசம் ஆனது, அந்த ஓவியங்களோடு வரைபடக்காரர்களின் பெயரும் இடம்பெற வேண்டும் என்று முடிவானது. மடிப்புக்கோடும் ஒரு படைப்புதான் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

8. கடையில் கிடைக்கிற புத்தகத்தை ஜெராக்ஸ் போட்டு விநியோகிக்காதீர்கள். உட்கார்ந்து கையால் சொல்லிக்கொடுப்பது வேறு, பக்கம் பக்கமாகப் படியெடுப்பது வேறு. மாற்றிய வடிவத்தை விற்க நினைத்தால் மூல ஆசிரியருக்கு எழுதிக் கேளுங்கள்.

9. தாளைப் பற்றி. ஜப்பான் தாள் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். நோட்டுக்கு அட்டை போடுகிற பழுப்புத் தாள் மடிப்பைத் தாங்கும், பழைய டைரித் தாளும் நல்லதே. எந்தத் தாளுக்கும் இழை ஓடும் திசை ஒன்று உண்டு. இரண்டு பக்கமாகவும் லேசாக வளைத்துப் பாருங்கள், எளிதாக வளையும்போது வளைவின் மடிக்கோடு ஓடுகிற திசைதான் இழையின் போக்கு. முக்கியமான நீள மடிப்பை அந்தப் போக்கில் வையுங்கள். மேலே மஞ்சு இறங்குகிற மாதங்களில் தாள் ஈரம் குடித்து மடிப்பு விரிந்துவிடும், செய்ததை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். கெட்டித் தாளாக இருந்தால் அந்த ஈரமே உதவி. தாளை லேசாக நனைத்து மடித்துக் காயவிடுவது யோஷிசாவாவே வளர்த்த முறை, யானையின் முதுகு உருண்டையாக வரும்.

10. சொல்லிக்கொடுக்கும்போது எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் இடம் வலமாகத் தெரியும். குழந்தை கையில் இருக்கும் தாளைப் பிடுங்கி மடித்துக் கொடுக்கவே கூடாது. உங்கள் தாளில் செய்து காட்டுங்கள், அவர்கள் தாளில் அவர்களே செய்யட்டும்.

11. ஒளித்து வைக்காதீர்கள். யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று பயந்து தன் மடிப்பைப் பெட்டியில் பூட்டுகிறவர்கள் உண்டு. அது பூட்டியே போய்விடும். குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்றுத்தந்த அரவிந்த் குப்தா தன் புத்தகங்களை யாரும் எடுத்துப் படிக்கும்படி திறந்தே வைத்தார், அதனால் அவர் பெயர் குறையவில்லை. தமிழில் தியாக சேகர் ஓரிகாமி எனும் இந்தத் தாள் மடிப்புக் கலையைக் கதையோடு சேர்த்துப் பிள்ளைகளிடம் கொண்டுபோகிறார், அவருடைய ‘கொக்குகளுக்காகவே வானம்’ நூலைத் தேடி வாங்குங்கள். நீங்கள் கண்டுபிடித்தது எளிய மடிப்பாக இருந்தால் வேறு ஊரில் இன்னொருவரும் அதைக் கண்டிருக்கக்கூடும். ‘நானாகக் கண்டது, முன்பே யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்’ என்று எழுதிக் கொடுங்கள்.

12. கடைசியாக ஒரு வேண்டுகோள். விடியும் முன்பே அம்மா அப்பா ஜீப்பேறித் தோட்டத்துக்குப் போய்விட, பள்ளி விட்டு வந்து அவர்களுக்காகக் காத்திருக்கிற பிள்ளைகள் நம் ஊரில் நிறையப் பேர். விளையாட்டுச் சாமான் வாங்க வசதி இல்லாத வீடுகளிலும் எழுதி முடித்த நோட்டு இருக்கும். வரையாடு, சிங்கவால் குரங்கு, இருவாச்சி, காட்டுமாடு, மலை அணில் இந்த ஐந்துக்கும் படிப்படியான வரைபடத்தைத் தமிழில் எழுதுங்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டாலும் போதும். மூல வடிவத்தைத் தந்தவர் பெயரை மேலே போடுங்கள், மாற்றிய உங்கள் பெயரைக் கீழே போடுங்கள், மூலக்காரரிடம் எழுதி அனுமதி வாங்குங்கள். பிறகு போடியிலும் மலையிலும் இருக்கிற ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள். வரைபடத்தைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், வாருங்கள்.