முதல் வீடும் கடனும்
கலியாணம் முடித்த பிள்ளைகள் கல்வீடு கேட்பது நியாயமே. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2012இல் வீடு கட்டத் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாகக் கிடைத்தது. அத்திவாரத்தைப் பெரிதாகப் போட்ட பலர் கூரைக்குக் கடன்பட்டார்கள். (ஊர் பார்க்க விறாந்தை இழுத்தவர்களும் உண்டு.)

300,000 ரூபாவை 2 வருடத் தவணைக்கு எடுக்கிறீர்கள், முழு முதலுக்கும் மாதம் 2 வீத வட்டி என்று வைப்போம். மாதக் கட்டுப்பணம் 18,500 ரூபா. வட்டி மட்டும் 144,000. நெல் அறுவடைக்குத்தான் காசு வரும்; தவணையோ மாதாமாதம் வரும். ஆகவே இருக்கிற பணத்துக்குள் ஓர் அறையும் குசினியும் போதும். மிச்சத்தைப் பிறகு நீட்டலாம்.

அதற்கும் முதல் காணி. தகப்பனாரின் அனுமதிப்பத்திரக் காணியில் கட்டுவதானால், பின்னுரித்து யார் பெயரில் பதிவாகியுள்ளது என்று பிரதேச செயலகத்தில் விசாரித்துவிட்டு அத்திவாரம் வெட்டுங்கள்.