தாயில்லாக் குஞ்சுகளும் ஒரு பஞ்சாரமும்

அடைக்கு வைத்த கோழிமுட்டை 21 நாளில் பொரிக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பொரித்த மறுநாளே தாய்க்கோழி இறந்துபோனால் குஞ்சுகளை என்ன செய்வது? விடுதிப் பெண்களாகிய நாங்கள் அதைக் கற்றுக்கொண்ட விதத்தை இங்கே எழுதுகிறோம். வீட்டில் கோழி வளர்க்கும் பெற்றோர்கள் எங்கள் அறியாமையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விறகுக் கொட்டகையில் சமையல் ஆயா அடை வைத்திருந்த நாட்டுக்கோழியை ஒரு விடியற்காலையில் கீரி கடித்துப் போட்டுவிட்டது. விறகுக்கு அடியில் பதுங்கியிருந்த 9 குஞ்சுகள் மட்டும் தப்பின. அன்று பார்த்து ஆயா ஊரில் இல்லை. நாங்கள் சோற்றைப் பிசைந்து வைத்தோம், ஒன்றும் தொடவில்லை. பட்டினியால் செத்துவிடுமோ என்று எங்களில் இருவர் அழவே தொடங்கிவிட்டனர். அது வீண் அழுகை. முட்டையை உடைத்து வெளிவருவதற்கு முன் குஞ்சு மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டு இரண்டு நாள் வரை இரையின்றித் தாங்கும். பண்ணைகளிலிருந்து ஒருநாள் குஞ்சுகளைப் பெட்டியில் வைத்துத் தொலைவூருக்கு அனுப்ப முடிவது இதனால்தான்.

பசியைவிடக் குளிர்தான் குஞ்சுக்குப் பெரிய எதிரி. தாய்க்கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். குஞ்சின் மேலிருப்பதோ பஞ்சு போன்ற மென்மயிர். தன் உடம்பின் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அதுவரை தாயின் சிறகுக்குப் பதிலாக நாம் சூடு கொடுக்க வேண்டும். இதற்கான அமைப்பைப் புரூடர் என்பார்கள்.

எங்கள் முதல் புரூடர் ஓர் அட்டைப்பெட்டி. அடியில் செய்தித்தாள் விரித்து, படிக்கும் அறையிலிருந்த எல்.இ.டி. பல்பை மேலே தொங்கவிட்டோம். வெளிச்சம் பளிச்சென்று இருந்தது. நாங்களும் நிம்மதியாகத் தூங்கப் போனோம். காலையில் பார்த்தால் 9 குஞ்சுகளும் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அடியில் இருந்த இரண்டு நசுங்கி இறந்திருந்தன.

அறிவியல் ஆசிரியையிடம் ஓடினோம். "விளக்கு வேறு, அடுப்பு வேறு" என்றார். பழைய குண்டு பல்பு மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிவிடுகிறது; அதனால்தான் வீடுகளில் அதைக் கைவிட்டார்கள். வீட்டுக்கு ஆகாதென்று ஒதுக்கிய அந்தக் குணமே குஞ்சுக்கு வேண்டியது. ஒரு 60 வாட் குண்டு பல்புக்காக விடுதிக் காவலர் ஐயா மூன்று கடை ஏறி இறங்கினார்.

மதியம் ஆயா திரும்பினார். அட்டைப்பெட்டியைப் பார்த்ததும், "ஏம் பிள்ளைங்களா, கோழிக்குஞ்சுக்கு மூலை ஆகுமா? பஞ்சாரம் ஏன் வட்டமா இருக்குன்னு நினைச்சீங்க?" என்று கேட்டார். குளிர்ந்த குஞ்சு மூலையைத் தேடி முண்டும். வட்டத்தில் முண்ட மூலையே கிடையாது. இதை நாங்கள் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை.

மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேல்வாய் வழியே பல்பை இறக்கினோம். பல்பு மூங்கிலிலோ சாக்கிலோ படாதபடி, குறுக்குக் கம்பில் கம்பி போட்டுக் கட்டினோம். மின்கம்பியை மட்டும் நம்பித் தொங்கவிட்டால் அறுந்து விழுந்து தீப்பிடிக்கும். காற்று வரும் பக்கம் மட்டும் சாக்கு போர்த்தினோம். வழுவழுப்பான செய்தித்தாளில் குஞ்சுக்குக் கால் வழுக்கி விரிந்து, ஊனமாகிவிடுமாம். ஆகவே இரண்டு அங்குலம் உமி பரப்பி, முதல் சில நாள் அதன்மேல் சாக்கு விரித்தோம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டோம். இல்லாவிட்டால் தவறி விழுந்து நனைந்தே குளிரில் சாகும். இரைக்கு உடைத்த கம்பும் குருணையும், பிறகு கடையில் வாங்கிய குஞ்சுத்தீவனமும்.

முதல் வாரம் 35 டிகிரி, பின் வாரத்துக்கு 3 டிகிரி குறைக்க வேண்டும் என்பது கணக்கு. ஆய்வகத் தெர்மாமீட்டரைப் பஞ்சார ஓரத்தில் கட்டினோம். அது 35 காட்டியது. குஞ்சுகளோ விளக்கைவிட்டு விலகி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. குஞ்சின் முதுகு உயரத்தில் வைக்க வேண்டியதை நாங்கள் மேலே கட்டியிருந்தோம். அத்துடன் விளக்கடிச் சூடு ஓரத்தில் தெரியாது. ஆயா தெர்மாமீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விளக்கடியில் குவிந்து கீச்சிட்டால் குளிர். ஓரத்துக்கு ஓடினால் சூடு. ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று புகுகிறது. பரவலாகப் படுத்து மெல்லக் கொஞ்சினால் எல்லாம் சரி. இதற்கேற்ப விளக்கை ஏற்றி இறக்கினார். அன்று முதல் இரவில் முறை வைத்து எழுந்து குஞ்சுகளைத்தான் பார்த்தோம். மின்சாரம் நின்ற ஓர் இரவில் வெந்நீர்ப் போத்தலைத் துண்டில் சுற்றி உள்ளே வைக்க, அதையே தாயாக நினைத்து ஒட்டிப் படுத்தன.

ஏழாம் நாள் கால்நடை மருந்தகத்தில் வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டுமருந்தைக் கண்ணில் விட்டார்கள். ஐந்தாம் வாரம் சிறகு முளைத்ததும் விளக்கை எடுத்துவிட்டோம். மீதமிருந்த 7 குஞ்சும் பிழைத்தன. அவற்றில் மூன்று சேவல் என்கிறார் ஆயா.

விறகுக் கொட்டகைக் கதவுக்கு இப்போது கம்பிவலை அடித்தாயிற்று. உள்ளே இன்னொரு கோழி 12 முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. குண்டு பல்பைப் பழைய துணியில் சுற்றி, எங்கள் அலமாரியில் வைத்திருக்கிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு