அடுத்து ஓட்டப்போகிறவருக்காக

அன்புள்ள மருமகனுக்கு,

ஆர்வி-7 விமானத்தின் வால் கிட் உன் கராஜில் வந்து இறங்கியாயிற்று என்று அக்கா போனில் சொன்னாள். "வாலோடு விட்டுவிடுவானாடா?" என்றும் கேட்டாள். விடமாட்டான் என்று சொல்லிவைத்தேன். அவளுக்கு அது பயம், எனக்கு மகிழ்ச்சி. ஆனால் முதல் ரிவெட்டை அடிப்பதற்கு முன் சில சங்கதிகளை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றில் பாதிக்கும் தகரத்துக்கும் சம்பந்தமில்லை.

இந்தக் கிட்டைத் தயாரிக்கும் வான்ஸ் நிறுவனம் வால் பகுதியை முதலில் விற்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முழு விமானத்தின் விலையில் அது சிறு பங்குதான். ஆனால் இறக்கையிலும் உடற்கூட்டிலும் பின்னால் வரப்போகிற வேலைகள் அநேகமாக எல்லாம் அதில் சின்ன அளவில் வந்துவிடுகின்றன. தனக்கு ஒத்துவராது என்று கண்டவர்கள் அங்கேயே நின்றுகொள்கிறார்கள். நிற்காதவர்களின் எண்ணிக்கையும் சின்னதல்ல. ரிச்சர்ட் வான்குருன்ஸ்வென் 1970-களின் தொடக்கத்தில் ஓரிகன் மாநிலத்தில் ஆரம்பித்த இந்தக் கம்பெனியின் வடிவமைப்புகளில் 11,000-க்கு மேற்பட்ட விமானங்கள் பறந்திருக்கின்றன. பெரும்பாலானவை சாயங்காலங்களிலும் சனி ஞாயிறுகளிலும் யாரோ ஒருவருடைய கராஜில் உருவானவை.

அமெரிக்கச் சட்டம் இவர்களுக்குக் கொடுத்திருக்கும் சலுகை பெரிது. கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் கட்டுகிறவர்களின் கையால் வேலையில் பாதிக்கு மேல் நடந்திருந்தால், விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ அதை வீட்டில் கட்டிய சோதனை விமானமாக ஏற்றுக்கொள்ளும். 51 விழுக்காடு விதி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். வேலைகளின் பட்டியலை வைத்துத்தான் கணக்கு. செலவழித்த பணமும் எடையும் அதில் வராது. கட்டி முடித்தவர் விண்ணப்பித்தால் அந்த ஒரே விமானத்துக்கான பழுதுபார்ப்பவர் சான்றிதழ் கிடைக்கும். 12 மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் நடக்க வேண்டிய பரிசோதனையை அவரே செய்து கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

விமானத்தை விற்றால் அந்தச் சான்றிதழ் அதோடு கூடவே போகாது. வாங்கியவர் ஆயில் மாற்றலாம், டயர் மாற்றலாம், அதைவிடப் பெரிய வேலைகளையும் பார்க்கலாம். ஆண்டுப் பரிசோதனைக்கு மட்டும் பெரும்பாலும் உரிமம் பெற்ற மெக்கானிக்கைத் தேடிப் போக வேண்டும். தொழிற்சாலையில் செய்த செஸ்னா என்றால் அந்த மெக்கானிக் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிடுவார். வீட்டில் கட்டியது ஒவ்வொன்றும் தனி ரகம். எந்த ஒயர் எந்த வழியாகப் போகிறது என்பது கட்டியவருடைய தலைக்குள்தான் இருக்கும்.

இதன் விளைவு கணக்கில் தெரிந்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி 2012-இல் வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. சிறு விமானங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இந்த வகை. 2011-இல் நடந்த உயிர்ச்சேத விபத்துகளிலோ ஐந்தில் ஒன்று இவற்றுடையது. இன்ஜின் நின்றுபோவதும், ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழப்பதும் முன்னணிக் காரணங்கள். அந்த ஆண்டு வாரியம் விசாரித்த இவ்வகை விபத்துகளில் பாதிக்கு மேற்பட்டவை, கட்டியவரிடம் இல்லாமல் விலைக்கு வாங்கியவரிடம் இருந்த விமானங்களில் நடந்தவை. என்னைக் கேட்டால் அந்த அறிக்கையில் மிக முக்கியமான வரி அதுதான்.

ஜான் டென்வர் என்ற பாடகரின் பெயர் உன் தலைமுறைக்கும் தெரிந்திருக்கும். 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவில் பசிபிக் குரோவ் கரையோரம் அவர் ஓட்டிய லாங்-ஈஸி கடலில் விழுந்தது. பர்ட் ரூட்டான் வடிவமைத்த அந்த விமானம் ரகத்தில் நல்லது. நூற்றுக்கணக்கானவர்கள் கட்டி ஓட்டியிருக்கிறார்கள். டென்வரும் புதியவர் அல்ல, 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். ஆனால் அந்த விமானத்தைக் கட்டியவர் அவர் இல்லை, கைமாறி வாங்கியிருந்தார். ரூட்டானின் வரைபடத்தில், இரண்டு டாங்கிகளில் எதிலிருந்து எரிபொருள் எடுப்பது என்று திருப்பும் வால்வின் கைப்பிடி ஓட்டுநரின் கால்களுக்கு நடுவே இருக்கும். கட்டியவருக்கு எரிபொருள் குழாய் காக்பிட்டுக்குள் வருவது பிடிக்கவில்லை. கைப்பிடியைப் பின்பக்கத் தடுப்பில், ஓட்டுநரின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

அவர் கோணத்தில் அது முட்டாள்தனமான முடிவு இல்லை. தீ விபத்தை நினைத்துப் பயந்தவர் செய்த காரியம். இருந்தாலும் அதைத் திருப்ப என்ன செய்ய வேண்டியிருந்தது என்று பார். கட்டுப்பாட்டுக் கோலிலிருந்து வலது கையை எடுத்து, உடம்பை இடப்பக்கம் முறுக்கி, பின்னால் எட்ட வேண்டும். அப்படி முறுக்கும்போது வலது கால் தன்னையறியாமல் சுக்கான் பெடலை மிதிக்கும். கைப்பிடியில் எந்தக் குறியும் இல்லை. மேலே திருப்பினால் அடைப்பு, வலப்பக்கம் திருப்பினால் இடது டாங்கி, கீழே திருப்பினால் வலது டாங்கி! எரிபொருள் அளவைக் காட்டும் கண்ணாடிகளும் இருக்கைக்குப் பின்னால்தான் இருந்தன, அவற்றிலும் கோடு போடவில்லை. வால்வோ இறுகிக் கிடந்தது. கிளம்புவதற்கு முன் கைப்பிடியில் இடுக்கியைப் பூட்டித் திருப்ப முடிகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். எரிபொருள் நிரப்பட்டுமா என்று கேட்டதற்கு டென்வர் வேண்டாம் என்றார்.

கவனம் சிதறியதையும், தெரியாமல் சுக்கானை மிதித்ததையும் விபத்துக்குக் காரணமாகச் சொன்ன வாரியம், கைப்பிடியை இடம் மாற்றிய முடிவையும் குறியில்லாத அளவுமானிகளையும், புது ரக விமானத்தில் அவருக்குப் போதிய பயிற்சி இல்லாததையும் துணைக் காரணங்களாகப் பதிவு செய்தது. கட்டியவருக்குத் தன் வால்வு எங்கே இருக்கிறது, எப்படித் திருப்புவது என்று தூக்கத்தில் கேட்டாலும் தெரிந்திருக்கும். அந்தப் பழக்கம் விமானத்தோடு சேர்ந்து விலைக்குப் போகவில்லை.

ஆர்வி-7-இல் அந்த வால்வு இரண்டு இருக்கைகளுக்கு நடுவே தரையில் வருகிறது. அங்கேயே இருக்கட்டும். உன்னைப் போன்ற இன்ஜினீயர்களுக்குக் கையைக் கட்டிக்கொண்டு வரைபடத்தைப் பின்பற்றுவது கொஞ்சம் கஷ்டம், தெரியும். மீட்டர் பலகையில் உன் கைவரிசையைக் காட்டு, இருக்கைத் துணியில் காட்டு, பெயின்டில் காட்டு. எரிபொருள், கட்டுப்பாட்டு இணைப்புகள், இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் ஆகிய மூன்றிலும் மூளையைக் காட்டாதே.

அனுபவம் இருந்தால் இதையெல்லாம் மீறலாம் என்று யாராவது சொன்னால் ஸ்டீவ் விட்மனை நினைத்துக்கொள். ஆண்டுதோறும் வீட்டில் விமானம் கட்டுகிறவர்களின் ஈஏஏ அமைப்பு நடத்தும் பெரிய விமானத் திருவிழா நடக்கும் ஆஷ்காஷ் விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான். பந்தய விமானங்கள் கட்டியவர், டெயில்விண்ட் என்ற புகழ்பெற்ற வடிவமைப்புக்குச் சொந்தக்காரர். 1995 ஏப்ரலில், 91 வயதில், தானே கட்டிய விமானத்தில் மனைவியோடு ஃபுளோரிடாவிலிருந்து ஆஷ்காஷுக்குப் போகும் வழியில் அலபாமாவில் விமானம் நடுவானில் உடைந்து இருவரும் இறந்தார்கள். இறக்கையின் பிளைவுட் மேல் ஒட்டிய துணி ஓரிடத்தில் பெயர்ந்து, இறக்கையும் அதன் பின்விளிம்பில் அசையும் ஏலரானும் படபடவென்று அதிரத் தொடங்கியிருக்கின்றன. துணியைத் தயாரித்த கம்பெனி கையேட்டில் சொன்ன முறைப்படி அது ஒட்டப்படவில்லை. ஒரு கம்பெனியின் துணி, வேறு முறையில் ஒட்டுதல். இரண்டும் தனித்தனியே பழுதில்லாதவைதான்.

உன் விமானத்தில் துணி இல்லை, அலுமினியத் தகடு. ஆனால் பிரைமர், டாங்கிக்கு அடிக்கும் சீலன்ட், ஹோஸ், நட்டு என்று பொருந்தாத சேர்க்கைக்கு இடம் நிறைய உண்டு. ஓர் உதாரணம்: உள்ளே நைலான் வளையம் வைத்த லாக் நட்டு விமானம் முழுக்க வரும், பூட்டுவதும் சுலபம். இன்ஜின் அறைச் சூட்டில் அந்த நைலான் பிடிப்பை விட்டுவிடும். அங்கே முழுக்க உலோகத்தாலான நட்டுதான். சுழலும் போல்ட்டுக்கும் நைலான் நட்டு ஆகாது. கோட்டை மதில் போலப் பள்ளம் வெட்டிய நட்டைப் போட்டு, குறுக்கே காட்டர் பின் செருக வேண்டும். கடையில் மூன்றும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் கிடக்கும்.

ரிவெட்டுக்கு வருவோம், உன் கையில் இப்போது இருக்கிற வேலை அதுதானே. மொத்தத்தில் பத்தாயிரத்துக்கு மேல் அடிக்கப்போகிறாய். தகட்டுக்கு வெளியே ஒருவர் ரிவெட் கன்னைப் பிடிக்க, உள்ளே ஒருவர் இரும்புக் கட்டியை முட்டுக்கொடுக்க, ஆணியின் வால் நசுங்கிப் பரந்து இரண்டாவது தலையாகிறது. அந்தத் தலையின் அகலம் ஆணியின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கும் உயரம் பாதியும் இருந்தால் சரி. 3.2 மில்லிமீட்டர் ஆணிக்கு 4.8 அகலம், 1.6 உயரம். அளந்து பார்க்கத் தகட்டு அளவி விற்கிறது. முதல் நூறு ரிவெட்டுக்கு எல்லாவற்றையும் அள, பிறகு கண்ணே சொல்லிவிடும். ஆனால் கொஞ்சம் கோணலாகப் போன ஒவ்வொன்றையும் துளைத்து எடுக்கக் கிளம்பாதே. எடுக்கப்போய் ஓட்டை பெரிதானால், கோணல் ரிவெட்டைவிடப் பலவீனமான இணைப்பு மிஞ்சும். வான்ஸ் கையேடே இதைத்தான் சொல்கிறது. சுத்தம் பார்க்கும் ஆட்களுக்கு இதைவிடக் கசப்பான அறிவுரை கிடையாது.

ரிவெட்டின் தலை தகட்டோடு சமமாக அமர ஓட்டையைக் குழித்த பிறகு அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார். சில ஆண்டுகளுக்கு முன் வான்ஸ் சில பாகங்களில் ஓட்டைகளை லேசரால் வெட்டி அனுப்பியது. குழித்தபோது விளிம்பில் மயிரிழை விரிசல்கள் வந்ததைக் கண்டுபிடித்தவர்கள் கராஜில் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். அந்தப் பாகங்களை மாற்றித் தரும் செலவு பிற நெருக்கடிகளோடு சேர்ந்துகொள்ள, 2023 டிசம்பரில் கம்பெனி திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போய், அடுத்த ஆண்டு மீண்டு வந்தது. எந்தப் பாகம் எந்தப் பெட்டியில் எந்தத் தேதியில் வந்தது என்று எழுதிவைத்திருந்தவர்களுக்குத் தங்கள் தகடு அந்த வகையா என்று பார்ப்பது சில நிமிட வேலை. எழுதாதவர்கள் கட்டி முடித்த பாகத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினார்கள்.

ஆகவே எழுது. வீடு வாங்குகிறவர் மூலப்பத்திரம் கேட்பதுபோல, வீட்டு விமானத்தை வாங்குகிறவர் கட்டிய காலத்துக் குறிப்பேட்டைத்தான் முதலில் கேட்பார். எஃப்ஏஏ சார்பில் வரும் ஆய்வாளரும் கேட்பார். தேதி, செய்த வேலை, மூடுவதற்கு முன் எடுத்த படம், வரைபடத்திலிருந்து எங்காவது விலகியிருந்தால் எங்கே, ஏன். மின்சார ஒயர்களுக்கு எண் போட்டு ஒரு படம். இவ்வளவும் இருந்தால் போதும்.

பறக்கும் கட்டத்துக்கு இன்னும் வருடங்கள் இருப்பதால் அதைப் பற்றி இப்போது அதிகம் வேண்டாம். ஒன்று மட்டும். மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி நிறுத்தி, பம்ப்பை ஓட்டி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு எரிபொருள் வருகிறது என்று வாளியில் பிடித்து அளக்க வேண்டும். இன்ஜின் முழு விசையில் குடிப்பதைப் போல ஒன்றேகால் மடங்கு வர வேண்டும். இன்ஜின் நிற்பதால் நடக்கும் விபத்துகளைப் பார்த்த பிறகு, எரிபொருள் ஓட்டத்தைச் சோதித்து அதைப் பதிவும் செய்ய வேண்டும் என்று என்டிஎஸ்பி வற்புறுத்தியது. அதற்குப் பிறகு, சான்று பெற்ற இன்ஜினும் புரொப்பெல்லரும் சேர்ந்த ஜோடியாக இருந்தால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லாவிட்டால் 40 மணி நேரம் குறிப்பிட்ட எல்லைக்குள் சோதனைப் பறப்பு. பயணிகளை ஏற்றக் கூடாது. அக்காவுக்கு அதில் ஒரு நிம்மதி.

பராமரிப்பில் பாதி, கட்டும்போதே முடிந்துவிடுகிறது. முறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டைத் தொட்டு ஒரு வண்ணக் கோடு இழுத்துவிட்டால், பத்து வருடம் கழித்து டார்ச் அடிக்கும் எந்த அந்நியருக்கும் கோடு முறிந்திருக்கிறதா என்பது தெரியும். ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரை அறுத்து, காகித மடிப்புகளை விரித்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்ததை லாக் புக்கில் எழுத வேண்டும், எதுவும் இல்லை என்றாலும்.

வால் முடிந்ததும் இறக்கை. டாங்கி இறக்கையின் முன்விளிம்புக்குள்ளேயே வரும், பக்கத்துக்கு 21 காலன். சீலன்ட் கறுப்புப் பசை போல எல்லாவற்றிலும் ஒட்டும். பழைய சட்டையைப் போட்டுக்கொள். மூடிய பிறகு காற்றுத் துளையில் ஒரு பலூனை மாட்டி, லேசாகக் காற்றேற்றி, ரிவெட்டுகள் மேல் சோப்புத் தண்ணீர் பூசி ஒழுகலைத் தேடுவார்கள். ராத்திரி குளிரில் பலூன் சுருங்கும். அதைப் பார்த்து நடுங்காதே, குமிழி வருகிறதா என்று மட்டும் பார். மூடுவதற்கு முன் உங்கள் ஊர் ஈஏஏ கிளையிலிருந்து தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவரைக் கூப்பிட்டு உள்பக்கத்தைக் காட்டு. அவர்கள் தன்னார்வலர்கள், காசு கேட்க மாட்டார்கள், காபி கொடுத்தால் போதும். அந்த வாரம் எது என்று முன்கூட்டியே சொல்லிவிடு. நானும் டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
மாமா