குலுக்கல் போட்டுப் பார்த்த அங்கன்வாடி

ஒரு திட்டம் பலன் தந்துச்சா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சங்கரன்கோவில் பக்கம் பனவடலிசத்திரத்தில் ஓர் அங்கன்வாடிக்குக் கூடுதலாக ஒரு பணியாளரைப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தால் பிள்ளைகள் நல்லா எண்ணுறாங்க, கதை சொல்றாங்க. இது புதுப் பணியாளரால் வந்ததா? அவசரப்படாதீங்க. ஒன்றரை வருஷத்தில் எந்தப் பிள்ளையும் வளரத்தானே செய்யும்! சரி, பக்கத்து ஊரோடு ஒப்பிடலாமா? அங்கே பெற்றோரின் படிப்பும் வருமானமும் வேறாக இருக்கலாம்.

வளரும் நாடுகளின் கல்வியை ஆராய்பவர் பேராசிரியர் கார்த்திக் முரளிதரன். சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பிக்கிறார். இந்தச் சிக்கலுக்கு அவர் பயன்படுத்தும் கருவி ரொம்ப எளிது: குலுக்கல். பொருளாதாரத்தில் இந்த முறையை வளர்த்ததற்காகத்தான் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவர் அலெஹாண்ட்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் இருவரோடும் சேர்ந்து தமிழ்நாட்டில் செய்த ஆய்வில் 320 அங்கன்வாடிகள். உணவு, எடை பார்ப்பது, பதிவேடு, பாடம் என எல்லாமே அங்கே ஒரே பணியாளர் தலையில். குலுக்கலில் வந்த பாதி மையங்களுக்கு மட்டும், பாடத்தைக் கவனிக்க அரைநாள் பணியாளர் ஒருவர் சேர்க்கப்பட்டார். மீதிப் பாதி வழக்கம்போல நடந்தன. குலுக்கலில் பிரித்ததால் பெற்றோர் படிப்பு, வருமானம் எல்லாம் இரண்டு பக்கமும் சராசரியில் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். மிஞ்சும் வித்தியாசம் அந்தப் பணியாளரால் வந்தது.

என்ன கிடைத்தது? பாடம் நடக்கும் நேரம் இரட்டிப்பானது. மையத்தில் தொடர்ந்து இருந்த பிள்ளைகளிடம் 18 மாதத்தில் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்டவிலக்கம் முன்னேற்றம். இந்த எண்ணை இப்படிப் படிக்கணும்: 100 பிள்ளைகளை மதிப்பெண்படி கீழிருந்து வரிசையாக நிறுத்தினால், 50-ஆவது இடத்துப் பிள்ளை கணக்கில் சுமார் 61-ஆவது இடத்துக்கும், மொழியில் சுமார் 68-ஆவது இடத்துக்கும் வந்துவிடும். பழைய பணியாளருக்கு உணவையும் உடல்நலத்தையும் கவனிக்க நேரம் கிடைத்தது. மையத்தில் தொடர்ந்து இருந்த பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குறைபாடும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்திருந்தன.

அரசுப் பணம் அளவானது. பலன் இல்லாத திட்டத்துக்கு அது போனால், நஷ்டம் அந்த வருஷம் மையத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு. அதனால, அடுத்த முறை யாராவது ஒரு கல்விச் செயலியைக் காட்டி "மார்க் கூடிடுச்சு"ன்னு சொன்னா, ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "அது இல்லாத பிள்ளைகளுக்கு எவ்வளவு கூடுச்சு?" நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கும் இதே கேள்விதான்!